கோடு முதலில், புள்ளி பிறகு



இன்று நான் பேசப்போவது மிகச் சிறிய விஷயம்: கணினியில் ஒரு புள்ளிக்கோட்டைப் பிசிறில்லாமல் போடுவது எப்படி? இதற்கெல்லாம் ஒரு சொற்பொழிவா என்று சிலருக்குத் தோன்றலாம். முதல் வகுப்புக் குழந்தையின் எழுத்துப் பயிற்சி ஏட்டை ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள். 'அ' புள்ளிகளால் எழுதப்பட்டிருக்கும். குழந்தை பென்சிலால் அதன்மேல் எழுதிப் பழக வேண்டும். பல ஏடுகளில் அந்தப் புள்ளிகள் ஓரிடத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கின்றன, இன்னோரிடத்தில் விலகி நிற்கின்றன. சுழி வரவேண்டிய இடத்தில் ஐங்கோணம் வந்திருக்கிறது. 'ட'வின் மூலை மழுங்கிப் போயிருக்கிறது. எழுதத் தெரிந்த நமக்கு இது ஒரு குறையாகவே படாது. புள்ளிகளைப் பார்க்குமுன்பே எழுத்தைப் படித்துவிடுகிறோம். குழந்தைக்கு அந்தப் புள்ளிகளை விட்டால் வேறு வழிகாட்டி இல்லை.

நெல்லைப் பரப்பி விரலைப் பிடித்து எழுதவைத்த காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. புள்ளிமேல் எழுதிப் பழகுவது நல்லதா என்று ஆசிரியர்களுக்குள் வாதம் உண்டு. அதற்குள் நான் போகவில்லை. புள்ளி வைப்பது என்று முடிவாகிவிட்டால் ஒழுங்காக வைக்க வேண்டும் என்பது மட்டும்தான் என் கட்சி.

ஒழுங்காக வைக்க விரும்புகிறவர் புள்ளியைத் தொடவே கூடாது. கோட்டைச் செம்மையாகப் போட வேண்டும், அதன் நீளத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும், புள்ளி வைக்கும் வேலையை மென்பொருளிடம் விட்டுவிட வேண்டும். நம்மில் பெரும்பாலோர் செய்வது இதற்கு நேர்மாறு. ஒரு குட்டி வட்டம் வரைந்து, நகல் எடுத்து நகல் எடுத்து, எழுத்தின் மேலே ஒவ்வொன்றாக நகர்த்தி வைக்கிறோம். அரை மணி நேரம் போகும். கண்ணுக்கு ஓரளவு சரியாக இருப்பதுபோலவும் தெரியும். பிறகு பதிப்பாளர் வந்து எழுத்தை இன்னும் கொஞ்சம் பெரிதாக்குங்கள் என்பார். அவ்வளவுதான், மறுபடியும் முதலிலிருந்து.

வழி நாற்பது வருடங்களாகக் கையில் இருக்கிறது. 1984இல் அடோபி நிறுவனம் போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற பக்க விவரிப்பு மொழியை வெளியிட்டது. மறு ஆண்டே ஆப்பிளின் லேசர்ரைட்டர் அச்சுப்பொறி அந்த மொழியைப் புரிந்துகொண்டு அச்சிட்டது. அந்த மொழியில் 'செட்டேஷ்' என்று ஒரு கட்டளை உண்டு. அதற்கு இரண்டு விஷயங்களைச் சொல்ல வேண்டும். முதலாவது, எண்களின் ஒரு வரிசை: இவ்வளவு தூரம் மை, இவ்வளவு தூரம் வெறுமை என்று. இரண்டாவது, அந்த வரிசையின் எந்த இடத்திலிருந்து கோடு தொடங்க வேண்டும் என்பது. 1987இல் வந்த இல்லஸ்ட்ரேட்டர் இந்த போஸ்ட்ஸ்கிரிப்ட்டின் மேல்தான் கட்டப்பட்டது. 1993இல் வந்த பிடிஎஃப், 2001இல் டபிள்யூ3சி அமைப்பின் பரிந்துரையான எஸ்விஜி, இரண்டுமே இதே ஏற்பாட்டை அப்படியே எடுத்துக்கொண்டன. எனவே நீங்கள் இல்லஸ்ட்ரேட்டரில் வேலை செய்தாலும் கோரல்டிராவில் செய்தாலும் இங்க்ஸ்கேப்பில் செய்தாலும், பட்டனின் இடம்தான் மாறும்; கணக்கு ஒன்றே.

புள்ளிக்கு வேண்டிய எண்கள் இவை: ஸ்ட்ரோக் பேனலில் கோட்டின் தடிமன் 4 பாயிண்ட், டேஷ் 0, இடைவெளி 8, முனை வட்டம். டேஷ் 0 என்றதும் பலர் தயங்குகிறார்கள். நீளமே இல்லாத கோடு எப்படித் தெரியும்? முனை வட்டமாக இருந்தால் கோட்டின் இரு பக்கமும் ஓர் அரைவட்டம் சேரும். நடுவில் நீளம் இல்லாததால் இரண்டு அரைவட்டங்களும் ஒட்டி முழு வட்டமாகிவிடும். அதன் விட்டம் கோட்டின் தடிமன், அதாவது 4 பாயிண்ட், ஏறக்குறைய 1.4 மில்லிமீட்டர். சுத்தமான புள்ளி. 0 போடப் பயந்து 1 போட்டால் மாத்திரை வடிவம் வரும். கூர்ந்து பார்த்தால்தான் தெரியும், ஆனால் அச்சில் ஏதோ சரியில்லை என்று கண் சொல்லிக்கொண்டே இருக்கும். முனையை வெட்டுமுனையாக விட்டு டேஷ் 4, இடைவெளி 4 என்று போட்டால் சதுரங்கள் வரும். நேர்கோட்டில் அவை அழகுதான். வளைவில் ஒவ்வொரு சதுரமும் வெளிப்பக்கம் அகன்று உள்பக்கம் குறுகி ஆப்பு போல ஆகிவிடும்.

இன்னொன்று. வட்டமுனைப் புள்ளியில் நாம் தரும் இடைவெளி, ஒரு புள்ளியின் மையத்திலிருந்து அடுத்ததன் மையம் வரை உள்ள தூரம். 8 என்று கொடுத்தால் கண்ணுக்குத் தெரியும் வெள்ளை 4 பாயிண்ட்தான். இடைவெளியையும் தடிமனையும் 4 என்றே கொடுத்துவிட்டு, புள்ளிகள் ஏன் ஒட்டிக்கொள்கின்றன என்று மென்பொருளைத் திட்டுகிறவர்கள் உண்டு. கோரல்டிராவிலும் இங்க்ஸ்கேப்பிலும் புள்ளி வரிசை வழக்கமாகக் கோட்டின் தடிமனோடு சேர்ந்து பெருகும். அங்கே தடிமனை மாற்றினால் இடைவெளியும் மாறுகிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி வளைவுக்கு வருவோம். இந்த மென்பொருள்களில் நாம் வரையும் வளைவுகளுக்கு பெசியே வளைவு என்று பெயர். பியர் பெசியே, பிரான்சின் ரெனோ கார் நிறுவனப் பொறியாளர். காரின் உடற்பகுதியை வரைவதற்காக 1960களில் இதைப் பயன்படுத்தி வெளியுலகுக்குச் சொன்னார். அவருக்கு முன்பே, 1959 வாக்கில், சித்ரோயன் நிறுவனத்தில் பால் தெ காஸ்தல்ஜோ இதே கணக்கைக் கண்டுபிடித்திருந்தார். அவருடைய நிறுவனம் அதைத் தொழில் ரகசியமாகப் பூட்டி வைத்தது. பெயர் போட்டியாளருக்குப் போய்விட்டது. ரகசியம் காக்கும் நிறுவனங்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டிய விஷயம் இது.

இந்த வளைவின் ஒவ்வொரு துண்டுக்கும் நான்கு புள்ளிகள்: இரண்டு ஆங்கர் பாயிண்ட், அவற்றிலிருந்து நீளும் இரண்டு ஹேண்டில். வளைவின்மேல் ஓர் இடத்தைக் குறிக்க 0 முதல் 1 வரை ஓடும் ஓர் எண்ணை வைத்திருக்கிறார்கள். இங்கேதான் ஒரு சூட்சுமம். அந்த எண்ணைச் சம அளவில் கூட்டிக்கொண்டே போனால் வளைவின்மேல் தூரம் சமமாகக் கூடாது. ஹேண்டில் குட்டையாக இருக்கும் முனையில் மெதுவாகவும் நீளமாக இருக்கும் முனையில் வேகமாகவும் நகரும். சொந்தமாக நிரல் எழுதிப் புள்ளி வைக்கிற இளைஞர்கள் விழும் குழி இது: 0.1, 0.2, 0.3 என்று வைத்துக்கொண்டே போய், ஓரிடத்தில் கூட்டமும் ஓரிடத்தில் வெட்டவெளியும் வந்து நிற்பார்கள். சம தூரம் வேண்டுமென்றால் வளைவின் நீளத்தையே அளக்க வேண்டும். அந்த நீளத்துக்கு எளிய சூத்திரம் கிடையாது. வளைவை மிகச் சிறு துண்டுகளாக்கிக் கூட்டித்தான் கண்டுபிடிக்க முடியும். செட்டேஷின் வழியில் வந்த மென்பொருள் எல்லாம் இதைத்தான் செய்கின்றன. தையற்காரர் துணியில் குறி வைக்க ஒரு பல்சக்கரத்தை உருட்டுவார் இல்லையா, அதைப்போல. சக்கரத்துக்கு வளைவா நேரா என்று தெரியாது. உருண்ட தூரம்தான் தெரியும். அதனால்தான் அதன் புள்ளிகள் எப்போதும் சமமாக விழுகின்றன.

ஆக, சம இடைவெளி என்ற பாதி வேலையை மென்பொருள் முடித்துத் தருகிறது. மீதிப் பாதி, அதாவது சக்கரம் உருளும் தடம், நம் பொறுப்பு. பென்சில் டூலால் இழுத்து வரைந்த 'அ'வில் நாற்பது ஐம்பது ஆங்கர் பாயிண்ட்கள் குவிந்திருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு மெல்லிய நடுக்கம். தடித்த முழுக்கோட்டில் அது மறைந்துவிடும். புள்ளிக்கோட்டில் மறையாது, வரிசையிலிருந்து ஒரு புள்ளி சற்றே விலகினாலும் கண் உடனே பிடித்துவிடும். பென் டூலால், வளைவு மிக மேலே போகும் இடம், மிகக் கீழே, மிக இடது, மிக வலது ஆகிய இடங்களில் மட்டும் ஆங்கர் வைத்து, ஹேண்டில்களைப் படுக்கையாகவோ செங்குத்தாகவோ இழுத்துப் பாருங்கள். எழுத்துரு செய்பவர்கள் எல்லோரும் பின்பற்றும் வழி இது. முழு வட்டத்துக்கே நான்கு ஆங்கர் போதும். ஒவ்வொரு ஹேண்டிலும் ஆரத்தில் 0.5523 பங்கு. 'அ'வுக்குப் பத்துப் பன்னிரண்டுக்கு மேல் தேவைப்பட்டால் எங்கோ அதிகம் வைத்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

எழுத்துரு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ஏற்கனவே உள்ள தமிழ் எழுத்துருவைத் தட்டச்சு செய்து, அவுட்லைன் ஆக்கி, அந்தக் கோட்டைப் புள்ளியாக்குவது மிகச் சுலபம். நம் கடைகளில் கிடைக்கும் ஏடுகளில் பாதி இப்படித்தான் தயாராகிறதோ என்று எனக்குச் சந்தேகம். எழுத்துருவில் இருப்பது எழுத்தின் இரு கரைகள். நடுவில் போகும் தடம் அதில் இல்லை. விளைவு, இரண்டு வரிசைப் புள்ளிகள். குழந்தை எதன்மேல் எழுதும்? எழுத்துருவைப் பின்னணியில் மங்கலாக வைத்து, அதன் நடுவே பென் டூலால் ஒற்றைத் தடத்தை நாமே வரைவதைத் தவிர குறுக்குவழி இல்லை. வரையும்போது கை எழுதும் திசையிலேயே வரையுங்கள். புள்ளி வரிசை தடத்தின் தொடக்கத்திலிருந்துதான் எண்ணப்படுகிறது.

இப்போது நீளம். 'ட'வை எடுத்துக்கொள்வோம். மேலிருந்து கீழே 60 பாயிண்ட், அங்கிருந்து வலப்பக்கம் 60 பாயிண்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடைவெளி 8. புள்ளிகள் 0, 8, 16 என்று இறங்கி 56இல் ஒன்று விழும். அடுத்தது 64இல், அதாவது மூலையைத் தாண்டி 4 பாயிண்ட் வலப்பக்கத்தில். மூலையில் புள்ளியே இல்லை. மூலைக்கு மேலே ஒன்று, பக்கத்தில் ஒன்று. குறுக்கே அளந்தால் அவற்றுக்கிடையே 5.66 பாயிண்ட்தான். மூலை மழுங்கியும் போயிற்று, அங்கே புள்ளிகள் நெருங்கியும் போயின. இடைவெளியை 7.5 ஆக்குங்கள். 60இல் அது சரியாக எட்டு முறை அடங்கும். மூலையில் ஒரு புள்ளி வந்து உட்காரும். அரை பாயிண்ட் மாற்றம்தான்.

2010இல் வந்த இல்லஸ்ட்ரேட்டர் சிஎஸ்5 முதல் இந்தக் கணக்கை மென்பொருளே போட்டுக்கொள்கிறது. ஸ்ட்ரோக் பேனலில் டேஷ் வரிக்குப் பக்கத்தில் இரண்டு சிறு பட்டன்கள் இருக்கும். ஒன்று கொடுத்த அளவை அப்படியே வைத்துக்கொள்ளும். மற்றது இடைவெளியைக் கொஞ்சம் நெகிழ்த்தி மூலைகளிலும் முனைகளிலும் புள்ளியைப் பொருத்தும். இரண்டாவதை அழுத்துங்கள். 'ட', 'ப' போன்ற எழுத்துகளுக்கு அது போதும். அந்த வசதி இல்லாத மென்பொருளில், மூலையில் தடத்தை வெட்டி இரண்டாக்கிவிட்டால் ஒவ்வொரு துண்டும் தன் தொடக்கத்தில் ஒரு புள்ளியோடு ஆரம்பிக்கும். முன்பெல்லாம் எல்லோரும் அப்படித்தான் செய்தோம்.

மூடிய தடத்தில் இந்தக் கணக்குப் பிழை இன்னும் அசிங்கமாகத் தெரியும். பூஜ்யம் எழுதும் பயிற்சிக்கு 100 பாயிண்ட் விட்டமுள்ள வட்டம் என்று கொள்வோம். சுற்றளவு 314.16. இடைவெளி 8 என்றால் நாற்பதாவது புள்ளி 312இல் விழும். முதல் புள்ளிக்கும் அதற்கும் இடையே மிச்சம் 2.16 பாயிண்ட். புள்ளியின் விட்டமோ 4. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, தொடங்கிய இடத்தில் ஒரு கட்டி. சுற்றளவை 40ஆல் வகுத்து 7.854 என்று கொடுத்தால் கட்டி கரைந்துவிடும். எஸ்விஜி எழுதுகிறவர்களுக்கு இன்னும் சுகம்: பாத்லெங்த் என்ற பண்பில் தடத்தின் நீளம் 40 என்று நாமே அறிவித்துவிட்டு, டேஷ் 0, இடைவெளி 1 என்று சொன்னால் சரியாக நாற்பது புள்ளிகள். வகுத்தலே வேண்டாம்.

தமிழ் எழுத்துக்கு வந்தால் உண்மையான சோதனை சுழியில்தான். 6 பாயிண்ட் ஆரமுள்ள ஒரு சிறு சுழியின் சுற்றளவு 37.7. இடைவெளி 8 என்றால் அதில் ஐந்து இடைவெளிகூட முழுதாக அடங்காது. ஐந்து புள்ளியைக் கண் வட்டமாகப் பார்க்காது, ஐங்கோணமாகத்தான் பார்க்கும். குறைந்தது பன்னிரண்டு புள்ளியாவது இருந்தால்தான் அது உருண்டையாகத் தெரியும் என்பது என் அனுபவம். அதற்கு இடைவெளி 3 பாயிண்ட் அளவுக்கு இறங்க வேண்டும், புள்ளியும் ஒன்றரை பாயிண்டுக்குச் சிறுக்க வேண்டும். பக்கம் முழுவதற்கும் ஒரே இடைவெளி என்று பிடிவாதம் பிடிப்பவர்கள், மிகச் சிறிய சுழியை வைத்து அந்த இடைவெளியைத் தீர்மானிக்க வேண்டும். ஆங்கில எழுத்துக்காகச் செய்த புள்ளி அளவை அப்படியே தமிழுக்குப் போட்டால் 'ண', 'ஞ', 'ஐ' எல்லாம் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

சுழியைவிட வம்பானது, கோடு தன்னையே வெட்டிக்கொண்டு போகும் இடம். 'அ'வின் இடது கீழ்ப்பகுதியைப் பாருங்கள். வளைந்து இறங்கிய கோடு திரும்பி வந்து தன்மேலேயே குறுக்கே போகிறது. முழுக்கோட்டில் எந்தக் குழப்பமும் இல்லை. புள்ளிக்கோட்டில் அங்கே நான்கைந்து புள்ளிகள் தாறுமாறாகக் குவிகின்றன. மாக்ஸ் வெர்தைமர் என்ற உளவியலாளர் 1923இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், புள்ளிகளையும் கோடுகளையும் வரைந்தே கண்ணின் பழக்கங்களை விளக்கினார். அருகருகே இருப்பவற்றைக் கண் ஒன்று சேர்க்கும் என்பது ஒரு பழக்கம். வந்த திசையிலேயே தொடர்ந்து போகும் என்பது இன்னொன்று. குறுக்கு வெட்டில் இந்த இரண்டும் மோதிக்கொள்கின்றன. திசை நேரே போகச் சொல்கிறது. பக்கத்துக் கிளையின் புள்ளி அதைவிட அருகில் இருந்தால் கண் அங்கே தாவிவிடுகிறது. குழந்தையின் பென்சிலும் தாவுகிறது.

தீர்வு ஒன்றுதான்: வெட்டும் இடத்தில் இரண்டு கிளைக்கும் பொதுவாக ஒரே ஒரு புள்ளி விழும்படி செய்ய வேண்டும். அந்த இடத்தில் தடத்தை வெட்டிவிடுங்கள். வெட்டிய துண்டுகள் ஒவ்வொன்றும் அங்கே ஒரு புள்ளியோடு தொடங்கும் அல்லது முடியும். அவை ஒன்றின்மேல் ஒன்றாக அமர்ந்து ஒற்றைப் புள்ளியாகவே தெரியும். பிறகு ஒவ்வொரு துண்டிலும் இடைவெளி முழு எண்ணிக்கையில் அடங்கும்படி நெகிழ்த்துங்கள். ஓர் எழுத்துக்குள் இடைவெளி 7.4, 7.7, 7.9 என்று மாறினால் யார் கண்ணுக்கும் தெரியாது. வெட்டிய இடத்தில் குவியல் இருந்தால் எல்லோருக்கும் தெரியும். புள்ளிகளுக்கு ஒளிபுகும் தன்மை கொடுத்திருந்தால் மட்டும் இது சரிவராது. இரண்டு புள்ளி ஏறிய இடம் கருத்துத் தெரியும்.

அடுத்தது, நம் மொழிக்கே உரிய சங்கடம். மெய்யெழுத்துப் பதினெட்டுக்கும் தலையில் புள்ளி. 'ஈ'யின் உடலுக்குள் இரண்டு. 'க்' என்பதைப் புள்ளிக்கோட்டால் எழுதி, அதன் தலையில் அதே அளவில் ஒரு புள்ளியை வைத்தால் அது எழுத்தின் பகுதியா, கோட்டிலிருந்து சிதறியதா? பெரியவர்களுக்குத் தெரியும், கற்றுக்கொள்கிற குழந்தைக்குத் தெரியாது. மெய்யின் புள்ளியைத் தடத்தின் புள்ளியைப்போல இரண்டு மூன்று மடங்கு பெரிதாக, உள்ளே வெற்றிடமாக ஒரு வளையம்போல வரையுங்கள். குழந்தை அதைப் பென்சிலால் நிரப்பட்டும். மெய்யின் புள்ளி கடைசியில் வைக்கப்படுவது என்பதும் அதன் கைக்குப் பழகிவிடும். ஆய்த எழுத்தைப் புள்ளிக்கோட்டில் எழுதித் தாருங்கள் என்று இதுவரை என்னை யாரும் கேட்கவில்லை. அந்த மட்டில் தப்பித்தேன்.

அச்சுக்குப் போகும்போது இன்னொரு பொறி காத்திருக்கிறது. பயிற்சி ஏட்டில் புள்ளிகள் மங்கலாக இருக்கட்டும் என்று கருப்பில் 40 சதவீதம் கொடுப்பது வழக்கம். ஆஃப்செட்டில் சாம்பல் நிறம் என்று தனியாக ஒரு மை கிடையாது. கருப்பு மையையே நுண்புள்ளிகளாகச் சிதறடித்துத்தான் சாம்பலைக் காட்டுகிறார்கள். அங்குலத்துக்கு 150 வரி ஸ்கிரீன் என்றால் ஒரு நுண்கட்டத்தின் அகலம் 0.48 பாயிண்ட். உங்கள் புள்ளியோ ஒன்றரை பாயிண்ட். அதன் குறுக்கே மூன்று கட்டம்தான் அடங்கும். செய்தித்தாளுக்கான 85 வரியில் இரண்டுகூட அடங்காது. வட்டமாக நீங்கள் வைத்தது அச்சில் கடித்துத் துப்பியதுபோல வரும். அதைப் பள்ளியில் ஜெராக்ஸ் எடுத்தால் பாதிப் புள்ளி காணாமலே போகும். என் யோசனை: சாம்பல் வேண்டாம். முழுக் கருப்பிலேயே புள்ளியைச் சிறிதாக்குங்கள். அதுவே மங்கலான தோற்றத்தைத் தரும். இரு வண்ண அச்சு என்றால் இரண்டாவது மையை முழு அடர்த்தியில் புள்ளிக்குக் கொடுங்கள்.

அளவு மாற்றும்போதும் கவனம் தேவை. ஏ5 பக்கத்தை ஏ4 ஆக்கும்போது 1.414 மடங்கு பெரிதாகிறது. இல்லஸ்ட்ரேட்டரில் ஸ்ட்ரோக்கையும் சேர்த்துப் பெரிதாக்கும் தேர்வு அணைந்திருந்தால் தடம் மட்டும் நீளும். புள்ளியும் இடைவெளியும் பழைய அளவிலேயே நிற்கும். நீங்கள் கணக்குப் போட்டு மூலையில் அமர்த்திய புள்ளி நகர்ந்துவிடும். வெளியிடத்துக்குக் கோப்பை அனுப்பும்போது, குறிப்பாக லேசர் வெட்டும் இயந்திரத்துக்கு அனுப்பும்போது, ஸ்ட்ரோக்கை வடிவமாக மாற்றித்தான் தர வேண்டியிருக்கும். மாற்றிய பிறகு அவை வெறும் வட்டங்கள். இடைவெளியைத் திருத்த முடியாது. மாற்றுவதற்கு முந்தைய கோப்பைத் தனியாக எடுத்து வையுங்கள்.

இங்கே வந்திருக்கும் பதிப்பாளர்களிடமும் ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். பயிற்சி ஏட்டை அச்சகத்துக்கு அனுப்பும் முன், 'அ', 'ட', 'க்' மூன்றையும் ஏட்டில் வரப்போகும் அதே அளவில் ஒரு தாளில் அச்சிட்டு, அதை ஜெராக்ஸ் எடுத்து, எழுதத் தெரியாத ஒரு குழந்தையிடம் கொடுங்கள். பென்சில் எங்கே தயங்குகிறதோ அந்த இடத்தைத் திருத்திவிட்டுப் பிறகு அச்சுக்கு அனுப்புங்கள்.